காரையாறு அணை இல்லாத பொதிகை மேப்: 58 எச்/6 தாளைப் பற்றி ஓர் இழை

கேள்வி (மே 4)

தாத்தாவின் தகரப் பெட்டியில் துணியில் ஒட்டி மடித்த ஒரு மேப் கிடைத்தது. தலைப்பில் 58 எச்/6 என்று இருக்கிறது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். அம்பாசமுத்திரம் இருக்கிறது, பாபநாசம் இருக்கிறது. காரையாறு அணையைக் காணவில்லை. அதைவிட மோசம், பொதிகைச் சிகரமும் இல்லை, பூங்குளமும் இல்லை. தாமிரபரணி பிறக்கும் இடமே இல்லாமல் தாமிரபரணிக்கு ஒரு மேப்! வெள்ளைக்காரன் காலத்து சர்வேயர்கள் மலை ஏறாமல் அடிவாரத்தில் உட்கார்ந்தே வரைந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இதைப் பாதுகாப்பதில் பொருள் உண்டா? மடிப்பெல்லாம் விட்டுப்போகிறது. லேமினேட் செய்துவிடலாமா?

மே 4, இரவு

லேமினேட் செய்யாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எந்தக் காலத்திலும் பிரிக்க முடியாது. என்னிடம் இருந்த ஒரு பழைய தாளை ஒரு கடையில் கொடுத்து அப்படித்தான் இழந்தேன். பச்சை நிறம் கறுத்து, துணி உள்ளே சுருண்டு, காடு முழுவதும் குமிழிகள். செல்லோ டேப்பும் வேண்டாம். மடிப்பை விரித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே மேசையில் தட்டையாக வையுங்கள். மேலே கனமான புத்தகங்கள் போதும்.

மே 5

இப்போது சிகரம். உங்கள் தாளில் பொதிகை இல்லாததற்குக் காரணம் சர்வேயரின் சோம்பல் இல்லை. தாள்களைப் பிரித்த முறைதான் காரணம்.

இந்திய நில அளவைத் துறை நாட்டை நான்கு பாகை அகலமும் நான்கு பாகை நீளமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்தது. வட அட்சம் 8 முதல் 12 வரை, கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரை உள்ள கட்டம் 58. அதைப் பதினாறாக வெட்டி ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து. 'எச்' என்பது 77-க்கும் 78-க்கும் இடையில், 8-க்கும் 9-க்கும் இடையில் உள்ள ஒரு பாகைச் சதுரம். அதையும் பதினாறாக வெட்டி மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எண் போட்டால் ஆறாவது தாள் உங்களுடையது. அட்சம் 8°30′ முதல் 8°45′ வரை, தீர்க்கம் 77°15′ முதல் 77°30′ வரை.

பொதிகைச் சிகரத்தின் தீர்க்கம் ஏறக்குறைய 77°14′45″. உங்கள் தாளின் இடது விளிம்புக்கு வெளியே பதினைந்து விகலைதான், அதாவது ஒரு பாகை நிமிடத்தில் கால் பங்கு. நிலத்தில் அரை கிலோமீட்டர்கூட இல்லை. இந்த அளவில் அது கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். விளிம்பின் நடுப்பகுதியில் விரலை வைத்து, விரல் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வெளியே நகர்த்துங்கள். 1868 மீட்டர் உயர மலை அங்கே நிற்கிறது, 58 எச்/2 என்ற அடுத்த தாளில். கட்டம் போட்டவர்கள் கடிகார நிமிடத்தைப் போல முழு எண்ணில் வெட்டினார்கள். மலை அதற்கு ஏற்றாற்போல் நிற்கவில்லை.

மே 5, சற்று நேரம் கழித்து

கீழ் ஓரம் கிழியாமல் இருந்தால் அதைப் படித்துச் சொல்லுங்கள். அச்சான ஆண்டு ஒன்று இருக்கும், அளந்த பருவம் வேறாக இருக்கும். எனக்கு வேண்டியது அளந்த பருவம்.

மே 7

கீழ் ஓரம் கரையான் அரித்துப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. நிலமே தேதி சொல்லும், இந்தத் தாளில் குறிப்பாகச் சொல்லும்.

58 எச்/6 என்ற எண்ணே முதல் சாட்சி. 1904–05-இல் கூடிய நில அளவைக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த வண்ணத் தாள்களின் வரிசை இது. ஆகவே அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. அடுத்து தாளின் தென்பகுதியில், மணிமுத்தாற்றின் மேல்பகுதியில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டம் குறித்திருக்கிறதா பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலையை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது 1929-இல். தோட்டம் இருந்தால் அதற்குப் பின். காரையாறு அணை 1940-களின் வேலை. மணிமுத்தாறு அணை 1958. சேர்வலாறு அணை 1986. இந்த நான்கும் ஒரே தாளுக்குள் வருகின்றன. இருப்பதையும் இல்லாததையும் வரிசையாகக் குறித்தால் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. மறுபதிப்புகளில் சாலை, ரயில், அணை போன்றவற்றை மட்டும் சேர்த்துவிட்டு மலைக்கோடுகளைப் பழையபடியே விடுவது வழக்கம். அணை புதிது என்பதால் ஓடையும் புதிதாக அளந்தது என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு தாளுக்குள் இரண்டு மூன்று காலங்கள் இருக்கும்.

மே 8

"அணை இல்லாத மேப்பால் என்ன பயன்" என்று அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, அதுதான் இதன் பெரும் பயன். தண்ணீருக்குள் போன பள்ளத்தாக்கை இன்று எந்தச் செயற்கைக்கோள் படமும் காட்டாது. இந்தத் தாள் காட்டும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். தினமும் பத்திரிகையில் படிக்கிறோம், பாபநாசம் அணையின் (காரையாறு அணைக்கே இன்னொரு பெயர்) உயரம் 143 அடி. இந்த வரிசைத் தாள்களில் பொதுவாகச் சம உயரக் கோடுகளின், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகளின், இடைவெளி 50 அடி. அப்படியானால் 143 அடி என்பது மூன்று கோடுகளுக்குச் சற்றுக் குறைவு. மேலே டிரேசிங் தாள் வைத்து, அணை இருக்கும் இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஆற்று மட்டத்திலிருந்து மேலே எண்ணி மூன்றாவது பழுப்புக் கோட்டைப் பிடியுங்கள். வலக்கரையில் தொடங்கி அதே கோட்டில் பென்சிலை விடாமல் கொண்டுபோனால், ஒவ்வொரு ஓடையின் வாயிலும் உள்ளே வளைந்து, மறுபடி வெளியே வந்து, கடைசியில் ஆற்றைத் தாண்டி இடக்கரை வழியாக அணைக்கே திரும்பிவிடும். வரைந்து முடித்ததும் தெரியும், ஏறக்குறைய இன்றைய நீர்த்தேக்கத்தின் உருவம் அது. அதற்குள் சிக்கிய நீலக் கோடுகள் எல்லாம் ஒரு காலத்தில் வெயிலில் ஓடிய ஆறு.

நான் இதை முதலில் செய்தபோது பாணதீர்த்தம் வரை கோடு போய்ச் சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று படகில் போனவர்கள் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டில் அருவி விழுவதாகச் சொல்வார்கள். அருவிக்குக் கீழே ஆற்றுக்கு ஒரு பாதை இருந்தது, அதற்குக் கரை இருந்தது.

மே 9

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சேர்த்திருக்கும் திருத்தம் முக்கியமானது. அணையின் அடிக் கணக்கு எந்த மட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பதும் கோட்டின் துல்லியமும் சேர்ந்து, நாம் வரையும் விளிம்பைக் கொஞ்சம் உள்ளே வெளியே தள்ளும். செங்குத்தான கரையில் அது தெரியாது, தட்டையான இடத்தில் தெரியும். அந்தக் குறிப்போடு செய்யுங்கள்.

மே 11

"அடிவாரத்தில் உட்கார்ந்தே வரைந்துவிட்டார்கள்" என்ற வாக்கியம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு முழுதாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

விமானப் படம் வருவதற்கு முன் இந்தத் தாள்கள் எல்லாம் பிளேன் டேபிளில் உருவானவை. முக்காலியின் மேல் ஒரு பலகை, பலகையில் ஒட்டிய தாள், குறிபார்க்கும் அளவுகோல், கோணம் பார்க்க ஒரு கிளினோமீட்டர். ஏற்கெனவே இடமும் உயரமும் கணக்கிடப்பட்ட மூன்று மலை உச்சிகளாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த மூன்றையும் பார்த்து, தாளில் பின்னோக்கிக் கோடு இழுத்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் "நான் இங்கே நிற்கிறேன்" என்று புள்ளி வைப்பார் சர்வேயர். பிறகுதான் சுற்றிலும் உள்ள முகடு, சரிவு, ஓடை எல்லாம்.

இதை வயல்வெளியில் செய்வது ஒன்று, பொதிகையில் செய்வது வேறொன்று. காட்டுக்குள் நின்றால் நான்கு அடிக்கு மேல் தெரியாது. மூன்று உச்சிகள் தெரிய வேண்டுமானால் உச்சிக்கே ஏறியாக வேண்டும், அங்கேயும் மரங்கள் மறைத்தால் வெட்டிப் பார்வையைத் திறக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் அடிக்கும் மலை இது. வேலைக்குக் கிடைப்பது ஆண்டின் தொடக்கத்தில் வறண்டிருக்கும் சில மாதங்கள், அப்போதும் மதியத்துக்குள் மேகம் ஏறி உச்சிகளை மூடிவிடும். பலகையையும் முக்காலியையும் அரிசி மூட்டையையும் சுமந்தவர்கள் கலாசிகள் என்ற உதவியாட்கள். வழி தெரிந்தவர்கள் அந்த மலையின் பழங்குடிகளான காணி மக்கள். பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு என்று ஒவ்வொரு கிளைக்கும் பெயர் இருக்கிறதே, மலையில் வாழ்ந்தவர் வாயிலிருந்து வராமல் அந்தப் பெயர்கள் அடிவாரத்துக்கு வந்திருக்க முடியாது. தாளின் ஓரத்தில் அச்சாவது அதிகாரியின் பெயர். சுமந்தவர்களின் பெயரும் வழிகாட்டியவர்களின் பெயரும் எந்த ஓரத்திலும் இல்லை. உங்கள் தாளில் அந்த ஓரத்தைக் கரையான் தின்றதற்கு நான் வருந்துகிறேன். அதில் இல்லாத பெயர்களுக்கு இன்னும் அதிகமாக வருந்துகிறேன்.

இன்னும் முன்னே போனால், வார்டு, கானர் என்ற இரு லெப்டினென்ட்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து குறிப்பு எழுதினார்கள். பாதையே இல்லாத காலம் அது.

மே 12

பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள். காட்டுப் பகுதிகளில் பழுப்புக் கோடு தொடர்ச்சியாகப் போகாமல் விட்டுவிட்டுப் போகும் இடம் இருந்தால், அங்கே உயரம் அளந்தது இல்லை, கண்ணால் பார்த்து மலையின் உருவத்தை வரைந்தது. சர்வேயர் தமக்குத் தெரிந்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு கோடாகப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த நேர்மைக்காகவே எனக்குப் பழைய தாள்கள் மேல் மதிப்பு. கைபேசித் திரையில் எல்லாக் கோடும் ஒரே உறுதியோடு தெரிகிறது.

மே 16

பூங்குளம். தாளில் அந்தச் சுனை இல்லையே, அப்படியானால் நதி அங்கே பிறக்கவில்லையா என்ற கேள்வி. இந்த இழையில் சூடான பகுதி இதுதான், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். பொறுமையாகச் சொல்கிறேன்.

ஓர் அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 63 மீட்டர். பத்து மீட்டர் அகலச் சுனையை அளவுக்கு வரைந்தால் அது ஏறக்குறைய ஒரு சம உயரக் கோட்டின் தடிப்புதான். இல்லை என்று தாள் சொல்லவில்லை. இந்த அளவில் அதைக் காட்ட இடமில்லை. தாமிரபரணி பூங்குளத்தில் பிறக்கிறது என்ற நம்பிக்கைக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. நானும் அந்த நதித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்.

ஆனால் தாள் வேறொன்று சொல்கிறது, அதைத்தான் நான் இந்த இழை முழுவதும் சொல்ல முயல்கிறேன். இடது விளிம்பிலிருந்து காரையாறு வரை உள்ள நீலக் கோடுகளைப் பாருங்கள். பிடுங்கிய நாற்றின் வேர் போல ஒவ்வொன்றும் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, முகடு வரை ஏறுகிறது. எந்த வேரில் நாற்று பிறந்தது? ஆறு ஒரு புள்ளியில் பிறப்பதில்லை, ஒரு சரிவு முழுவதிலும் பிறக்கிறது. ஐந்தலைப் பொதிகையில் விழும் மழையைப் புல்வெளியும் சோலையும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இரண்டு பருவமழையும் கிடைப்பதால்தான் கோடையிலும் அந்தக் கோடுகள் நீலமாக இருக்கின்றன. இந்தத் தாள்களில் வற்றும் ஓடைக்குக் கறுப்பு, வற்றாத நீருக்கு நீலம். தாளின் கிழக்குப் பாதியில், சமவெளியில், கறுப்பு ஓடைகளே அதிகம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சுனையைச் சுற்றி வேலி போட்டால் நதி காப்பாற்றப்பட்டுவிடாது.

முகட்டுக்கு மேற்கே அதே மழை நெய்யாற்றுக்குப் போகிறது. சில அடி தள்ளி விழுந்த துளி அரபிக்கடலுக்கு, இந்தப் பக்கம் விழுந்தது மன்னார் வளைகுடாவுக்கு.

மே 17

நதியின் நீளம் 128 கிலோமீட்டர் என்றும் அதற்குக் குறைவு என்றும் கீழே சண்டை. பருத்தி நூலை நனைத்து, பிழிந்து, நீலக் கோட்டின் மேல் வளைவு வளைவாகப் படுக்க வைத்து அளந்து பாருங்கள். (மூலத்தாளின் மேல் வேண்டாம், நகலின் மேல்.) பிறகு கால் அங்குல மேப்பில் (ஒரு மைலுக்குக் கால் அங்குலம்) அதே தூரத்தை அளந்து பாருங்கள். நதி குட்டையாகிவிடும். சிறிய அளவில் வளைவுகளை வரைய முடியாது, நேராக்கிவிடுவார்கள். எந்த மேப், எந்தக் கிளையின் தலை என்று சொல்லாமல் கிலோமீட்டர் சொல்வதில் அர்த்தமில்லை.

மே 23

"நீங்கள் மலை ஏறியிருக்கிறீர்களா" என்று கேட்டவருக்கு: தமிழ்நாட்டுப் பக்கம் புலிகள் காப்பகத்தின் உள்பகுதி, எனக்கு அனுமதி கிடைத்ததில்லை. கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து ஆண்டின் தொடக்கத்தில் வனத்துறை அனுமதிக்கும் பருவத்தில் போயிருக்கிறேன். கையில் 58 எச்/2-இன் நகல் வைத்திருந்தேன்.

கரமனையாறு தாண்டிய பிறகு, கோடுகள் அகலமாக இருக்கும் இடத்தில் கால் இலகுவாகப் போவதையும், கோடுகள் நெருங்கும் இடத்தில் மூச்சு வாங்குவதையும் உடம்பே உணர்ந்தது. கடைசிப் பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டும். அந்த இடத்தில் தாளில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புத் தீற்றலாகவே இருந்தன. உச்சியில் அகத்தியர் சிலை, ஓயாத காற்று. கிழக்கே திரும்பினால் மேகம். நெடுநேரம் காத்திருந்தேன், வழிகாட்டி இறங்கலாம் என்று அவசரப்படுத்தினார். ஒருமுறை மேகம் விலகியது. கீழே காடு, காட்டுக்கு நடுவே காரையாறு நீர்த்தேக்கத்தின் ஒரு துண்டு. தாளின் விளிம்பு எனக்குக் கீழே எங்கோ சரிவில் போகிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது. நிலத்தில் அப்படி ஒரு விளிம்பு இல்லை, பசுமை விட்டுப்போகாமல் கீழே வரை இறங்கியது.

மே 24

இழை திசைமாறினாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த உச்சிக்கு மேப் போடுவதற்காக மட்டும் ஆட்கள் ஏறவில்லை. திருவனந்தபுரம் வானோக்கு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் 1855-இல் இந்த மலையில் ஒரு காந்த, வானிலை ஆய்வு நிலையம் அமைத்தார். சமவெளியிலும் ஆறாயிரம் அடி உயரத்திலும் காந்த ஊசியும் காற்றழுத்தமும் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட வேண்டும், அதற்காக. அந்த மழையில், அந்தக் காற்றில், மணிக்கணக்காக ஊசியைப் பார்த்துக் குறித்தவர்களை நினைத்தால் உங்கள் கேள்வியின் "அடிவாரத்தில் உட்கார்ந்தே" என்ற சொல் இன்னும் கொஞ்சம் சுடுகிறது. கோபமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் நூற்றாண்டில், தாலமி தமது நிலநூலில் பெட்டிகோ என்ற மலையையும் அதிலிருந்து புறப்படும் ஆறுகளையும் அட்ச தீர்க்கத்தோடு குறித்தார். அவற்றுள் சோலேன் என்பது தாமிரபரணி என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். நம் நதியின் தலையை மேப்பில் வைக்கும் முயற்சிக்கு அவ்வளவு வயது.

ஜூன் 2

தீர்க்கரேகை பற்றிக் கேட்ட மாணவருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மேப்புகளில் இந்த மலையைத் தேடினால் கவனம். அப்போதைய தீர்க்கங்கள் எல்லாம் சென்னை வானோக்கு நிலையத்திலிருந்து எண்ணியவை. அந்த நிலையத்துக்கு 80°17′21″ என்று வைத்திருந்தார்கள். பிறகு தந்தி வழி நேரக் கணக்கால் அது 80°14′54″ என்று திருந்தியது. வித்தியாசம் 2′27″, இந்த அட்சத்தில் ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர். நாடு முழுவதும் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது. பழைய எண்ணில் பொதிகைச் சிகரம் 77°17′-க்கு வந்திருக்கும், அதாவது 58 எச்/6-இன் எல்லைக்குள்ளேயே விழுந்திருக்கும். அந்த நிலையம் இருந்த நுங்கம்பாக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்தினார்கள், இங்கே ஒரு மலை அடுத்த தாளுக்குப் போனது!

ஜூன் 9

ஸ்கேன் செய்து கைபேசி மேப்பின் மேல் பொருத்தினால் ஓடைகள் விலகி நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். விலகத்தான் செய்யும். பழைய தாள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கு அப்போது எடுத்துக்கொண்ட உருவத்தின் மேல் கணக்கிட்டது, ஜிபிஎஸ் வேறு கோளத்தில் கணக்கிடுகிறது. நம் பக்கம் வித்தியாசம் நூறு மீட்டருக்கு மேல் போகும். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஆயத்தளத்தை 'கல்யாண்பூர்' என்று தேர்ந்தெடுத்து, தாளின் நான்கு மூலைகளையும் 15 நிமிடக் கட்டத்தில் பொருத்துங்கள். மூலைகள் போதாது, உள்ளே இருக்கும் ஐந்து நிமிடக் குறுக்குக் குறிகளையும் சேருங்கள், ஏனென்றால் துணி ஒவ்வொரு கட்டத்திலும் வேறு மாதிரி இழுபட்டிருக்கும்.

உருளையில் இழுக்கும் ஸ்கேனர் வேண்டாம், மடிப்பு கிழிந்துவிடும். வெயில் படாத வெளிச்சத்தில், மேலிருந்து நேராக, துண்டு துண்டாகப் படம் எடுங்கள். ஒப்பிட இன்றைய 1:50,000 தாள் வேண்டுமானால் நில அளவைத் துறையின் இணையதளத்தில் பாருங்கள்.

ஜூன் 15

படங்கள் வந்தன, நன்றி. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

தோட்டம் இல்லை. மணிமுத்தாற்றின் மேல்பகுதி முழுவதும் பச்சை, நீல ஓடைகள் முகடு வரை போகின்றன, ஒரு பாதை மட்டும் புள்ளிக்கோட்டில் ஏறி நின்றுவிடுகிறது. ஆகவே அளந்தது 1929-க்கு முந்தைய நிலம். இது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். அந்தக் குத்தகை 2028-இல் முடிகிறது. தோட்ட வேலை 2024-இல் நின்று, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை இறங்கச் சொன்னதும் நாமெல்லாம் படித்த செய்தி. அவர்களுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும், அதைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மலையை மறுபடி காடாக்குவது என்று பேசும்போது எது புல்வெளி, எது சோலை, எந்த ஓடை எங்கே தொடங்கியது என்று கேள்வி வரும். தேயிலை நடுவதற்கு முன் ஓடைகள் எங்கே ஏறின என்று அளந்து வைத்த சாட்சி உங்கள் மேசையில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் படங்களில் தென்பகுதியின் நடு மடிப்பு மங்கலாக இருக்கிறது. அங்கே மை உதிர்ந்து துணியின் நெசவு தெரிகிறது. நாலுமுக்கிலிருந்து ஊத்து வரை உள்ள ஓடைத் தலைகள் சரியாக அந்த மடிப்பில்தான் வருகின்றன. மற்ற இடங்களை விட்டுவிட்டு அந்த ஒரு பகுதியை மட்டும், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்றும் நேர் வெளிச்சத்தில் ஒன்றுமாக, இன்னும் நெருங்கி எடுத்து அனுப்புங்கள். 58 எச்/2 பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் அவர்களும் எழுதுங்கள். இரண்டையும் 77°15′ கோட்டில் ஒட்டிப் பொருத்தும் வேலையை நான் செய்து தருகிறேன்.